திராட்சை இல்லாத நாசிக்

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இருபத்திரண்டாம் விதி மது பற்றியது. பணியாளர் தாம் இருக்கும் பகுதியின் மதுச் சட்டங்களை மதிக்க வேண்டும். பணி நேரத்தில் போதையில் இருக்கக் கூடாது. பொது இடத்தில் குடிக்கக் கூடாது, குடித்த நிலையில் அங்கே தோன்றவும் கூடாது. சாரம் இவ்வளவுதான். திராட்சைக் கொடியின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. கொடியைப் படம் எடுக்கக் கூடாது என்றும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து இந்த விதியை மற்றவர்களுக்கு விளக்கியவன் நான். இருந்தும் நாசிக்கில் ஒரு மாசி மாதக் காலையில், அதில் இல்லாத உட்பிரிவு ஒன்றை நானே சேர்த்து நானே அமல்படுத்தினேன். அதன் விளைவாகச் செங்கல்பட்டில் ஒரு வீட்டின் கூடத்துச் சுவரில் ஒரு வருடத்துக்கு மேல் வெறும் ஆணி மட்டும் இருந்தது.

அந்த வீடு எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி. வீட்டுக்காரன் அலுவலகத்தில் எனக்குப் பத்தொன்பது வருடம் எதிர் மேஜை. கல்பாக்கத்துப் பக்கம் வேலை. நான் விதிகளைப் பார்த்துக்கொண்டேன், அவன் ஸ்டாஃப் பஸ்களைப் பார்த்துக்கொண்டான். எந்த வண்டி அணுபுரத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவருக்கு எந்தக் கிழமை விடுப்பு என்பதெல்லாம் அவனிடம். திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு கிராமம் அவனுக்கு. நான் வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன். ஐந்து வயது இளையவன் என்பதால் என்னை ‘அண்ணாத்த’ என்பான். அதிகாரி அறைக்குள் வந்தால் அதே வாக்கியத்தின் நடுவிலேயே ‘சார்’ ஆகிவிடுவேன்.

போன வருடம் தை மாதம் இறந்துபோனான். காலைக் காபியைக் குடித்துவிட்டு, நாளிதழை மடித்து வைத்துவிட்டு, அப்படியே.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். ஸ்டுடியோக்காரர் அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல நிறம் போட்டு, சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார். அவன் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“யாருண்ணா இது?” என்றாள் என்னிடம்.

ஸ்டுடியோ ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“யாரோ ஆபீசரு. ஆடிட்டுக்கு வந்தவரு மாதிரி கீறாரு. எங்க வூட்ல இவருக்கு மாலை போட மாட்டேன்.”

ஸ்டுடியோவுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். ஆணி மட்டும் தங்கிவிட்டது.

வேறு படம் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அந்த வீட்டில் கேமரா வைத்திருந்தவனே அவன்தான். கல்யாணம், காதுகுத்து, பிரிவு உபசார விழா எல்லாவற்றிலும் எல்லோரும் இருப்பார்கள், அவன் இருக்க மாட்டான். கல்யாண ஆல்பத்தில் இருக்கிறான், ஆனால் அது இருபத்தாறு வயது முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போவோம். கடற்கரைக் கோயில் புல்வெளியில் வெளியூர்க்காரர்கள் தங்கள் கேமராவை, பின்னாளில் தங்கள் போனை, அவனிடம்தான் நீட்டுவார்கள். அவன் முகத்தில் ஏதோ இருந்திருக்கிறது. வாங்கி, ஒரு முறை அழுத்தி, “ஆச்சு சார்” என்பான். அவர்கள் மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போதுதான் உண்மையான படத்தை எடுப்பான். முதலாவது சும்மா. ஊர் பேர் தெரியாத ஆயிரம் குடும்பங்களின் நல்ல படம் அவன் கையால் ஆனது. அந்த ஆயிரத்தில் ஒன்றில்கூட அவன் இல்லை.

“நாசிக்ல ஒருத்தன் எடுத்தானேண்ணா” என்று அவன் மனைவி சொன்னது காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து. “தொட்டியில ஏறி மிதிச்சாரே, அப்ப. தோட்டத்துக்காரன். மேல்விலாசம் எழுதுங்க, அனுப்பறேன்னான். நீங்கதான் வேணான்னுட்டீங்க.”

குற்றச்சாட்டு இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் விளக்கம் எழுதியிருப்பேன்.

நாசிக் பயணம் நடந்து பதின்மூன்று வருடம் இருக்கும். அரசு ஊழியருக்கு எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவுக்குள் எங்கே போனாலும் பயணக் கட்டணம் கிடைக்கும். இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோம். பெண்கள் இருவருக்கும் பஞ்சவடியும் திரியம்பகமும் பார்க்க வேண்டும். அவன் ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் நாசிக்கின் திராட்சைத் தோட்டப் படம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். சாயங்கால வெளிச்சம், மர மேஜை, ஒரு கண்ணாடிக் கோப்பை.

“இந்த போட்டோ பொய்யி அண்ணாத்த” என்றான். “பின்னாடி கீற தோட்டத்த மங்க வெச்சிட்டு கிளாஸ எடுத்துகினு கீறான். தோட்டத்த நாம பாக்கணும்.”

எனக்கு ஒயின் என்றால் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர் ஒயின் ஷாப்தான். அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். அதற்கு எதிரே பேருந்துக்கு நிற்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவன் நான். யாராவது பார்த்தால்? பார்த்து எழுதிப் போட்டால்? ‘ஆல்’ விகுதியில் முடியும் இந்தக் கேள்விகளின் மேல்தான் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் நின்றது. அந்தப் பயணத்திலும் ரயில் நிலையப் பெயர்ப்பலகை, விடுதிப் பலகை, மைல்கல் என்று ஒவ்வொன்றின் முன்னும் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னேன். போய் வந்ததற்கு ஆதாரம். எல்.டி.சி. விண்ணப்பத்தோடு யாரும் படம் கேட்பதில்லை என்று எனக்கே தெரியும். கேட்டால்?

தோட்டத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அறுவடை நேரம். பார்த்தவுடன் எனக்குப் பெரிய ஏமாற்றம். இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேல் வளர்ந்த கொடிகள், கம்பி, கல்தூண், கறுப்புக் குழாய். புடலைப் பந்தலைக் குள்ளமாக்கி மைல் கணக்கில் நட்டது போல இருந்தது. சொன்னேன்.

“நீ நிக்கற எடம் தப்பு” என்றான் அவன். என் தோளைப் பிடித்து நான்கடி இடப்பக்கம் நகர்த்தினான். “இப்ப பாரு.”

புதர் திறந்துகொண்டது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு நேரான சந்து, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு மலை வரைக்கும். இன்னும் இரண்டடி நகர்ந்தால் அது மூடி அடுத்தது திறந்தது. நான்கடி தள்ளி நின்றவன் அந்த ஊரைக் காடு என்று சொல்லியிருப்பான், நான் ஒழுங்கு என்று சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம்.

ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு ரோஜாச் செடி இருந்தது. அழகுக்கு என்று நினைத்து அவன் குனிந்து படம் எடுத்தான். குலை வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கத்தரியை நிறுத்திவிட்டு மராத்தியில் ஏதோ சொன்னாள். புரியவில்லை. ரோஜா இலையைத் திருப்பிக் காட்டினாள், பிறகு கொடியைக் காட்டி, இருமுவது போல் செய்தாள். நோய் முதலில் ரோஜாவுக்கு வரும், பார்த்து உஷாராகிக் கொடிக்கு மருந்து அடிப்பார்கள் என்று அவன் மனைவிதான் புரிந்துகொண்டு எங்களுக்குச் சொன்னாள். எனக்கு அந்தச் செடியின் பணி நன்றாகப் புரிந்தது. நானும் அலுவலகத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் ரோஜாவுக்கு நிஜமாகவே நோய் வந்தால்தான் அது வாடும்.

அன்றைக்கு வந்தவர்களைத் திராட்சை மிதிக்க விட்டார்கள். பெரிய மரத்தொட்டிகள், அதில் கறுப்புத் திராட்சை, ஒரு மேளக்காரர். இவன் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி ஏறிவிட்டான். கேமரா கையிலேயே. அவன் மனைவி இரண்டு ஜோடிச் செருப்பையும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

“வழுக்குதுடி. நீயும் வா” என்று கூப்பிட்டான்.

“பொடவைய யாரு தொவைக்கறது? நீயே மிதி.”

தோட்டத்து ஆள் ஒருவர் படம் எடுத்தார். பிறகு ஒரு தடித்த பதிவேட்டை நீட்டி, பெயரும் முகவரியும் எழுதினால் படத்தை அனுப்புவோம் என்றார். பதிவேடு. ஒயின் தயாரிக்கும் இடத்தில், பெயர், முகவரி, கையெழுத்து. நான் குறுக்கே போய்ப் பதிவேட்டை மூடி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது ரயிலில். திரும்பி வரும் வழி, மதியச் சாப்பாடு முடிந்து அவன் மனைவி மேல் படுக்கையில், மற்றவர்கள் ஜன்னலோரம். கேமராவில் தோட்டத்துப் படங்கள் இருப்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக் குழு கூடவிருந்தது.

“அழிச்சிடு” என்றேன்.

“இன்னா அண்ணாத்த, எலைக்குமா விஜிலன்ஸு?”

“ஒரு மொட்டைக் கடுதாசி போதும். கூட ஒரு படத்தையும் வெச்சுட்டான்னா?”

“நான் குடிக்கவேல்லியே. கால்தானே வெச்சேன்.”

“கால் வெச்சதுக்கு ஆதாரம் இருக்கு. குடிக்காததுக்கு எங்கே இருக்கு?”

மேல் படுக்கையில் இருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. “குடிச்சிட்டு இந்தப் பேச்சு கேட்டிருந்தாக்கூட ஒரு நியாயம் கீது.”

என் மனைவி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

மொட்டைக் கடுதாசியின் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றே அறிவுரை உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதை நான் மேற்கோள் காட்டவில்லை.

அவன் பையிலிருந்து கேமராவை எடுத்தான். அதை என் கையில் வைத்தான். “எனக்குக் கை வராது. நீயே அழி.”

ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கேமரா ‘அழிக்கவா?’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழிக்கும் வசதி அதில் இருந்ததாம். அதைப் பல வருடம் கழித்துத்தான் சொன்னான்.

அப்படித்தான் அந்த ஊரை நான் பார்த்தேன். தோட்டத்தில் நின்ற இரண்டு மணி நேரத்தில் பலகை எங்கே, யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, ரயிலில் ஒரு உள்ளங்கை அளவுத் திரையில், ஒரு படத்துக்கு நான்கைந்து வினாடி. ஒரு குலை வந்தது. கடையில் வாங்கும் திராட்சையில் பாதி அளவு, தோல்மேல் திருநீறு பூசியது போல. அதில் ஒரு விரல் பட்ட இடம் மட்டும் பளபளவென்று கறுப்பு. அழித்தேன். வெட்டும் பெண்ணின் கை. ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர், மணிக்கட்டு வரை சாறு காய்ந்து மண் ஒட்டியிருந்தது. அழித்தேன். ஒரு சொட்டுக் குழாயின் அடியில் ரூபாய் நாணய அளவுக்கு ஈரம், சுற்றிலும் வெடித்த தரை. அவ்வளவு பெரிய தோட்டத்துக்குத் தண்ணீர் அந்த நாணயங்களாகத்தான் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அழித்தேன். பறவைகளை விரட்டக் கட்டிய வெள்ளி நாடா காற்றில் முறுக்கிக்கொண்ட ஒரு கணம். டிராக்டரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் மூன்று பெண்கள். ஒருத்தி கேமராவைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று நினைத்து, மற்றவளின் ரொட்டியைப் பிய்க்கிறாள். ‘ஆச்சு’ என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறான். அழித்தேன், அழித்தேன்.

ஒரு படத்தில்கூடக் கோப்பை இல்லை. ஒயின் என்ற சொல் எழுதிய பலகையும் இல்லை. விதிக்கு எதிராக எதுவுமே இல்லை என்பதைக் கடைசிப் படத்துக்கு முந்திய படத்தில் உணர்ந்தேன். தொடங்கிய நடவடிக்கையைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

மிச்சம் இருந்தவை பலகைகள். இன்றும் என்னிடம் இருக்கின்றன. நாசிக் ரோடு நிலையம், என் மனைவி, அவன் மனைவி, நான். எடுத்தவன் அவன்.

மொட்டைக் கடுதாசி எதுவும் வரவில்லை. பதவி உயர்வு அதன் வரிசைப்படி வந்தது. அவன் அந்த ரயில் பகலைப் பற்றி ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலி தாண்டிப் போகும்போது, சவுக்குத் தோப்பு வந்தால் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைப்பான். சவுக்கு வரிசைகள் திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு சந்தின் முடிவிலும் ஒரு துண்டு கடல். “நாசிக் மாதிரியே கீது பாரு அண்ணாத்த” என்பான். நான் பின்னால் உட்கார்ந்து, பார்த்தேன் என்று சொல்வேன். நிஜமாகவே பார்ப்பேன். அந்த வருடங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த ஸ்கூட்டரின் பின் இருக்கைதான் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆக, படம் இந்த உலகத்தில் எங்காவது இருந்தால் அது அந்தத் தோட்டத்தில்தான். கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, எண்ணிட்ட ஏழு பத்திகள். பயணத்தின்போது மணிக்கு மணி குறித்து வைத்த டைரி என்னிடம் இருந்ததால் மூன்றாம் பத்தியில் எல்லாமே துல்லியம்: நாள், காலை பத்து நாற்பது, மேற்கு ஓரத்துத் தொட்டி, இரண்டாவது அணி, நீலக் கட்டம் போட்ட சட்டை, அருகே இரண்டு ஜோடிச் செருப்புடன் ஒரு பெண்மணி. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டை கையெழுத்தாகி வந்தது. பதில் வரவில்லை. இரண்டு மாதம் விட்டு முதல் நினைவூட்டு அனுப்பினேன். அதில், உரிய காலத்துக்குள் பதில் வராவிட்டால் மேல்நடவடிக்கை குறித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்று வழக்கமான ஒரு வரியும் இருந்தது. என்ன மேல்நடவடிக்கை என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. அந்த வரி இல்லாமல் நினைவூட்டு முடியாது.

புரட்டாசியில் இரண்டாம் நினைவூட்டோடு தபால் நிலையம் போனால், பதிவுத் தபாலையே ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் என்றார் அங்கிருந்த பெண். புது விதிகளைப் படித்துவிட்டு அனுப்பலாம் என்று கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் அவன் மனைவி வாசலில் நின்றிருந்தாள். வாங்கி, அதோடு இணைத்திருந்த முதல் கடிதத்தின் நகலைப் படித்தாள். பத்தாவது வரை படித்தவள், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

“அண்ணா, இத்தப் படிச்சா அவன் வக்கீலாண்ட ஓடுவான்.”

“முறைப்படி எழுதியிருக்கேன்மா.”

“செத்தவரு போட்டோ கேக்கறோம்னு இதுல எங்க கீது?”

தேடினேன். ஆறாம் பத்தியில் ‘மேற்படி நபர் தற்போது உயிருடன் இல்லை’ என்று இருந்தது.

“நான் சொல்றேன், எழுதுங்க” என்றாள். படிக்கட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவர் எல்லோரையும் படம் எடுப்பார். அவரை எடுத்த படம் எங்களிடம் இல்லை. உங்கள் ஆள் ஒன்று எடுத்தார். தை மாதம் வருஷ திதி. இருந்தால் கொடுங்கள். கீழே அவள் கையெழுத்து, என் மின்னஞ்சல் முகவரி. பொருள் இல்லை, பார்வை எண் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எண்ணிடாத கடிதம் ஒன்றை அனுப்பினேன். அலுவலகத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் உரிய வடிவில் இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மார்கழியில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, அவள் வீட்டைத் தாண்டிப் பால் வாங்கப் போகாமல், பின் தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

திதி அன்று சுவரில் ஆணி, கீழே விளக்கு, ஒரு சொம்பில் சாமந்தி. ஊரிலிருந்து வந்திருந்த அவனுடைய சித்தப்பா கேட்டுவிட்டார். “இன்னாம்மா இது, படம் கூட மாட்டாம கும்புடறது? சொந்தக்காரங்க வந்து இன்னாத்தப் பாப்பாங்க?”

“படம் வந்துகினு கீது மாமா” என்றாள் அவள்.

“எங்கருந்து?”

“நாசிக்லருந்து.”

அவர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அதற்குப் பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பதில் எழுதியது தோட்டத்து அலுவலகத்தில் ஒரு பெண். என் முதல் இரண்டு கடிதங்களையும் நோட்டீஸ் என்று நினைத்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டார்களாம். மூன்றாவது அவள் மேஜைக்கு வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, வழக்கறிஞரிடமிருந்து முதல் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அதில் இருந்த நாளையும் நேரத்தையும் வைத்துப் பழைய கணினி ஒன்றில் தேடியிருக்கிறாள். தாமதத்துக்கு மன்னிக்கவும், திதி முடிந்திருக்கும் என்று தெரியும், இருந்தாலும் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள்.

நான் படத்தை என் வீட்டில் திறக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு முன் தெரு வழியாகவே போனேன். அவள் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

தொட்டியின் நடுவில் அவன். முழங்கால் வரை கறுஞ்சிவப்பு. எடுப்பவரைத் திருப்பி எடுப்பதற்காகக் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கியிருக்கிறான். இடது கண், இடது கன்னம், சிரிப்பில் மேலே ஏறிய உதட்டின் ஓரம், அவ்வளவுதான் தெரிகிறது. பக்கத்தில் செருப்புகளோடு அவள், அவனை ஏதோ திட்டிக்கொண்டு. வலப்பக்க ஓரத்தில் ஒரு கை மட்டும், வேண்டாம் என்று நீட்டியபடி. வாட்ச்சைப் பார்த்துத்தான் அது என்னுடையது என்று கண்டுபிடித்தேன்.

அவள் போனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“மூஞ்சி பாதிதாம்மா தெரியுது” என்றேன்.

“இதான்ணா அவரு.”

“ஸ்டுடியோவில் சொல்லி அந்தக் கையை எடுத்துடலாம்.”

“வெட்டச் சொல்லாதீங்க. அதுவும் இருக்கட்டும்.” போனை என்னிடம் கொடுக்காமலே எழுந்து, ஆணிக்கு நேரே தூக்கிப் பிடித்து, எந்த அளவுக்குச் சட்டம் போடலாம் என்று பார்த்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். “இன்னிக்கு இன்னா தேதிண்ணா? வந்த தேதிய சட்டத்துக்குப் பின்னாடி எழுதி வெக்கணும்.”

பிப்ரவரி பத்தொன்பது, வியாழக்கிழமை.